எடுக்கிற பாடம்

கேதீஸ்வரியின் இடக்கையைத் தொட்டுப் பார்க்காத பெண் அந்தக் கரையில் இல்லை என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்த மணல் ஊருக்கு அவள்தான் அரசாங்கக் குடும்பநல மாது. ஊரார் வாயில் மிஸ்ஸி. கர்ப்பிணிகளைப் பதிவது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசிக்குத் தாய்மாரை இழுத்து வருவது, பிள்ளை போதும் என்றவர்களுக்கு வழி சொல்வது எல்லாம் அவள் தலையில். அதற்கு அரசாங்கம் கொடுத்தது ஒரு பழைய சைக்கிளும் ஒரு பையும்.

பிள்ளை போதும் என்கிற கதையைப் பெண்கள் முற்றத்தில் வைத்துப் பேச மாட்டார்கள். அடுப்படிக் குசினிக்குள் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் கிணற்றடிக்கு. குளிசை விழுங்க மறந்து போகிறது, ஊசி போட்டால் வயிறு பிசைகிறது, மனுசன் எதற்கும் உடன்படுகிறான் இல்லை என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கேதீஸ்வரி அவசரப்படாமல் கேட்பாள். கேட்பதற்குத்தான் சம்பளம், மற்றதெல்லாம் சும்மா என்று அவளே சொல்வாள்.

2003இல், சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், கைக்குச்சி வந்தது. தீக்குச்சியிலும் கொஞ்சம் பெரிய இரண்டு மெல்லிய குச்சிகள். மேற்கையின் உட்பக்கத்தில், தோலுக்குக் கீழே வைத்தால் ஐந்து வருடத்துக்குப் பிள்ளை தங்காது. எடுத்துவிட்டால் தங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊர் பயந்தது. குச்சி உடம்புக்குள் ஓடித் திரியுமாம், நெஞ்சில் போய்க் குத்துமாம் என்று கதை கிளம்பியது. கேதீஸ்வரி யாரோடும் வாதாடவில்லை. முதல் ஆளாகத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. மகன் மதுஷன் அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான். கணவன் யோகராசாவுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தற்காலிக வேலை. அவன் வேலை நிரந்தரமானதும் அடுத்த பிள்ளை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் குச்சி.

அதன் பிறகு அவள் வேலை செய்த முறையே மாறிவிட்டது. குசினிக்குள் போவாள், சட்டைக் கையைச் சுருட்டுவாள், கையை நீட்டுவாள்.

"தொட்டுப் பாருங்க கா. ரெண்டும் வெச்ச இடத்திலதான் இரிக்கி. வேணாமெண்டா எந்த நாளும் எடுக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு."

பெண்கள் தொட்டார்கள். சிலர் கூச்சத்தோடு ஒரு விரலால், சிலர் தேங்காய் திருவிய கையோடு. தொட்டவர்களில் பாதிப் பேர் அடுத்த கிளினிக்குக்கு வந்தார்கள். குச்சி வைக்கும்போது டொக்டர் ஒரு பக்கம், கேதீஸ்வரி மறு பக்கம். மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, நோகாது கா, நோகாது என்று ஊர்க்கதை பேசுவாள். கதை முடிவதற்குள் குச்சி உள்ளே போயிருக்கும்.

குச்சி வேலையை அவள் பழகியது ஒரு செயலமர்வில். கொழும்பிலிருந்து வான் ஒன்றில் வந்திருந்தார்கள். ரப்பர் கை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, டொக்டர்மாருக்குக் குச்சி வைக்கப் பழக்கினார்கள். மிட்வைஃப்மாருக்கு, வைத்த குச்சி சரியாக இருக்கிறதா என்று விரலால் பார்க்கப் பழக்கினார்கள். கேதீஸ்வரியின் விரல்களைப் பார்த்துப் பயிற்றுவித்த அம்மா, உங்கள் விரலுக்குக் கண் இருக்கிறது என்றார். அன்று முழுக்க அந்தச் சொல்லை நினைத்து அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கடைசி நாள் பின்னேரம் எடுக்கிற பாடம். கத்தி, இடுக்கி எல்லாம் தட்டில் அடுக்கித் துணி போட்டு மூடியிருந்தது. சோற்றுப் பார்சல் சாப்பிட்டு முடிய, வான் சாரதி கதவடியில் வந்து நின்று, இருட்ட முதல் பொலன்னறுவையைத் தாண்ட வேண்டும் என்றான். சண்டை நின்று ஒரு வருடத்துக்கு மேல். பாதையில் மறிப்பார் இல்லை. ஆனாலும் இரண்டு மணியாகிவிட்டால், சண்டைக் காலத்தில் பழகியபடி, கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்புகிற பழக்கம் அந்த மண்ணில் எல்லாருக்கும் இருந்தது. சாரதி சொன்னதுதான் தாமதம், மண்டபம் முழுக்க எழும்பிவிட்டது. பயிற்றுவித்த அம்மா தட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எடுப்பதற்கு இன்னும் ஐந்து வருடம் கிடக்கிறது, அதற்குள் ஒரு தடவை வந்து பழக்கித் தருகிறோம் என்றார். அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. கேதீஸ்வரிக்கும் பட்டது. மதுஷன் பள்ளிவிட்டு வந்திருப்பான் என்ற நினைப்பில் அவள் அப்போதே பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

ஐந்து வருடம் பொறுக்கவில்லை. அடுத்த வருடம் மார்கழியில், பௌர்ணமிப் போயா நாள் காலையில், கடல் வந்தது.

அன்று விடியப்புறம் வலி கண்ட ஒருத்தியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கேதீஸ்வரி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். யோகராசா வாவிக்கரையில் இறால் வாங்க நின்றவன், தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய்க் கண்டல் மரத்தில் எறிந்ததால் தப்பினான். மதுஷன் வீட்டில் இருந்தான். வீடும் இல்லை, அவனும் இல்லை.

அவள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகவில்லை. மகனைக் கொண்டு வந்தால் இங்கேதான் கொண்டு வருவார்கள் என்று தாழ்வாரத்தில் நின்றாள். கொண்டுவந்து கிடத்தினார்கள், கிடத்தினார்கள், இடமில்லாமல் வெளியிலும் கிடத்தினார்கள். இரண்டாம் நாளில் முகங்களை வைத்து ஆளைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. ஒரு பொலிஸ்காரர் சும்மா கேட்டார், உங்கள் ஊர்ப் பெண்கள் யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று. கேதீஸ்வரி குனிந்தாள். ஒரு பெண்ணின் இடக்கையை எடுத்து, உட்பக்கத்தை விரலால் தடவினாள். குச்சி இருந்தது. இரண்டும் கொஞ்சம் விலகி, கீழ்ப்பக்கம் கூடுதலாக அகன்று. அது யார் கை என்று அவளுக்குத் தெரியும். பெயரைச் சொன்னாள். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அதுவே அவள் வேலையாகிவிட்டது. வரிசையாகக் குனிந்து ஒவ்வொரு கையாகத் தடவிக்கொண்டே போனாள். அகப்பட்ட இடத்தில் பெயரைச் சொன்னாள், அகப்படாத இடத்தில் அடுத்த கைக்குப் போனாள். அழவில்லை. அவள் அழாததை யாரும் குறையாகச் சொல்லவும் இல்லை. அடுத்தவர் கண்ணைப் பார்க்க அன்று யாருக்கும் நேரம் இல்லை. பிள்ளைகள் கிடந்த பக்கத்துக்கும் போனாள். அங்கே தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் கையில் யாரும் எதையும் வைப்பதில்லை.

மதுஷன் கிடைக்கவில்லை. அந்த வாரத்தோடு கேதீஸ்வரியின் விரல் நுனிகள் விறைத்துப் போயின. சோறு சுடுகிறதா ஆறிவிட்டதா என்று தெரியவில்லை. டொக்டரிடம் காட்டினாள், நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார். அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உள்ளுக்குள் எல்லாமே அப்படித்தான் இருந்தது, விரல் மட்டும் என்ன தனி.

பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்குக் கம்சாயினி அவளைத் தேடி வந்தாள். இருபத்தைந்து வயது ஆகாதவள். கணவன் தவேந்திரன் வாவியில் வலை போடுகிறவன். மகன் லக்ஷனும் கைக்குழந்தையும் கடலோடு போய்விட்டார்கள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் வந்து நின்றாள்.

"மிஸ்ஸி, எடுத்து விடுங்க. எந்த நாளும் எடுக்கலாமெண்டு நீங்கதானே சொன்ன."

கேதீஸ்வரி ஓம் என்றாள். வேறு என்ன சொல்வது. அவள் கையைத் தொட்டுப் பார்த்து நம்பித்தான் கம்சாயினி குச்சி வைத்தாள்.

அந்த நாட்களில் முகாமுக்குள் வராத வாகனம் இல்லை. பால்மா வந்தது. பொம்மை வந்தது. பிள்ளைகளுக்குச் சித்திரம் கீறப் பழக்க ஆட்கள் வந்தார்கள். ஆணுறை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்துக்கு ஆணுறை பங்கிடச் சொன்னவன் எந்த மூளையோடு சொன்னானோ தெரியவில்லை. குச்சி எடுக்கத் தெரிந்த ஒருவர் மட்டும் வரவில்லை. ஊரில் குச்சி வைத்த டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். பழக்கித் தருகிறோம் என்றவர்களுக்கு இப்போது ஆயிரம் வேலை. கேதீஸ்வரி கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் கதிரை தந்தார்கள், தேநீர் தந்தார்கள்.

கடைசியில் ஒரு இளம் டொக்டர் இரங்கினார். சின்ன வேலைதானே, பார்ப்போம் என்றார். கெட்டவர் இல்லை, பழக்கப்படாதவர். விறைப்பூசி போட்டுக் கீறினார். ஒரு குச்சி வெகுநேரம் பாடுபடுத்தி வந்தது. மற்றது வரவே இல்லை. நெற்றி வியர்த்து ஒழுக, கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் விரலால் ஒருக்கால் பாருங்கள், எங்கே கிடக்கிறது என்று சொல்லுங்கள் என்றார்.

அவள் தடவினாள். அழுத்தினாள். கம்சாயினியின் கை சூடாக இருந்திருக்க வேண்டும், அதுகூடத் தெரியவில்லை. செத்த கைகளில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த விரலுக்கு உயிருள்ள கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியல்ல டொக்டர்," என்றாள்.

கம்சாயினி கட்டிலில் கிடந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் காயத்தைத் தைத்தார். அது சீழ் பிடித்து ஆற மாதக்கணக்கானது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் ஒரு டொக்டரும் அந்தக் கையைத் தொட உடன்படவில்லை. கண்டிக்குப் போகச் சொன்னார்கள். தவேந்திரன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணைக்குள் சண்டை மறுபடியும் தொடங்கி, பாதையில் பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். கண்டிப் பயணம் அதோடு நின்றது. கையில் ஒரு குச்சி கிடக்கும் வரைக்கும் பிள்ளை வராது என்று கம்சாயினி நம்பினாள். பிள்ளை வரவும் இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு நாள், தகரக் கொட்டிலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யோகராசா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டான்.

"உன்ர கையையும் ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுவமா?"

"முதல்ல அவள்ர எடுபடட்டும்," என்றாள் கேதீஸ்வரி.

அவன் தலையாட்டினான். நல்ல மனுசன். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். கத்தியாவது இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, வருடங்களைப் போகவிட்டார்கள்.

2007இன் தொடக்கத்தில் படுவான்கரையில் ஷெல் விழுந்து, சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து குவிந்தது. பள்ளிக்கூடங்கள் மறுபடியும் முகாம்களாயின. அந்த மாதங்களில் ஒரு காலை மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செங்கலடிச் சந்தைக்குப் போன தவேந்திரன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. கம்சாயினி அவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகாத இடம் இல்லை.

கேதீஸ்வரி வேலையை விடவில்லை. குளிசை கொடுத்தாள், ஊசிக்கு ஆட்களைக் கூட்டிப் போனாள். ஆனால் சட்டைக் கையைச் சுருட்டுவதை விட்டுவிட்டாள். முழங்கை மறைய நீட்டித் தைத்த சட்டைதான் போட்டாள். குச்சியைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவாள். மிஸ்ஸியே பேசமாட்டேன் என்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. நெஞ்சில் குத்துகிற கதை மறுபடியும் உலவத் தொடங்கியது. தேவைப்பட்டவர்களும் வைக்கவில்லை, வேண்டாத பிள்ளைகள் பிறந்தன, அவள் அவற்றையும் தராசில் வைத்து நிறுத்தாள்.

2009 சித்திரையில் புது டொக்டர் ஒருத்தி வந்தாள். பெயர் ஸாதியா. காத்தான்குடிக்காரி, தகப்பனுக்குப் புடவைக் கடை. படித்து, பயிற்சி எடுத்து, பிற ஊர்களில் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். இந்தப் பகுதியில் ஏன் ஒருவரும் கைக்குச்சி கேட்பதில்லை என்று விசாரித்துக்கொண்டு கேதீஸ்வரியின் கிளினிக்குக்கும் வந்தாள். மற்றவர்கள் சனத்தின் அறியாமை என்றார்கள். கேதீஸ்வரி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"வைக்கப் பழக்கினீங்க டொக்டர். எடுக்கப் பழக்கல்ல. சனத்தில ஒரு பிழையும் இல்ல."

ஸாதியா சாக்குச் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டாள். கேதீஸ்வரி சொன்னாள், செத்த கைகளைத் தடவியது உட்பட, மளிகைச் சாமான் சொல்வது போன்ற குரலில். கேட்டு முடித்த ஸாதியா, வைகாசியில் ஒரு பயிற்சி வைப்பேன், அதில் முதல் பாடமே எடுக்கிறதுதான், அந்தப் பெண்ணைக் கூட்டி வாருங்கள் அக்கா, நீங்களும் வாருங்கள் என்றாள்.

கம்சாயினியிடம் போகக் கேதீஸ்வரிக்குக் கால் வரவில்லை. புருசன் இல்லாதவளிடம் போய் இப்போது குச்சியை எடுக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது. ஆனாலும் போனாள், சொன்னாள். கம்சாயினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வாறன் மிஸ்ஸி. அவர் வந்து நிக்கக்குள்ள இது கையில இரிக்கப்படாது."

கேதீஸ்வரி பயிற்சி நடக்கிற நாளைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

பயிற்சி செங்கலடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த கிழமை அது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். முதல் வெடிச் சத்தத்துக்கு மண்டபத்திலிருந்தவர்கள் பாதிப் பேர் மேசைக்குக் கீழே குனிந்து, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வன்னியில் அகப்பட்டுப் போனவர்களின் உறவினர் அந்த மண்டபத்திலும் இருந்தார்கள்.

கம்சாயினி கட்டிலில் கையை மடித்துத் தலைக்கு மேலே வைத்துப் படுத்தாள். ஸாதியா கேதீஸ்வரியைக் கூப்பிட்டாள். அவள் அசையவில்லை. கம்சாயினிதான் மற்றக் கையை நீட்டி, அவள் விரல்களைப் பிடித்து இழுத்துத் தன் தழும்புக்கு மேல் வைத்தாள். பாருங்க மிஸ்ஸி என்றாள்.

மேலே தடவ வேண்டாம், ஆழத்தில் கிடப்பது அப்படி அகப்படாது என்றாள் ஸாதியா. மற்றக் கையைக் கீழே கொடுத்து, தசையை மேலே தள்ளிப் பிடிக்கச் சொன்னாள். கேதீஸ்வரி கீழிருந்து தள்ளினாள். மேலே வைத்த விரலுக்கு அடியில், தழும்பிலிருந்து கொஞ்சம் சரிந்து, ஒரு மெல்லிய கடினமான கோடு எழும்பி வந்து நின்றது. விறைத்த விரலுக்கும் அது தெரிந்தது.

இவ்வளவுதான். கீழிருந்து ஒரு தள்ளல். அன்று இரண்டு மணிக்கு எல்லாரும் எழும்பாமல் இருந்திருந்தால் அந்தப் பின்னேரமே பழகியிருக்கக்கூடிய ஒரு தள்ளல். கேதீஸ்வரிக்கு அது விளங்கியது. விளங்கியும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இஞ்ச இரிக்கி," என்றாள்.

வெடிச் சத்தம் ஒருமுறை கேட்டு அடங்குவதற்குள் குச்சி வெளியே வந்துவிட்டது. கம்சாயினி அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு எழும்பி உட்கார்ந்தாள்.

இன்னும் சிலருக்கு எடுத்தார்கள். சுவரில் இரண்டு மணியானது. சண்டை முடிந்தாலும் கால்கள் அதை அறியவில்லை. பைகள் மேசைக்கு மேல் வந்துவிட்டன, கதிரைகள் இழுபட்டன. ஸாதியா நிமிராமலே சொன்னாள்.

"இரிங்க. இன்னும் ஒரு கை இரிக்கி."

கேதீஸ்வரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தாள். வருடக்கணக்கில் வெயில் படாத கை. அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. யோகராசாவின் வேலை போன வருடம் நிரந்தரமாகியிருந்தது. குச்சியின் ஐந்து வருடமும் முடிந்துவிட்டிருந்தது.

இளம் டொக்டர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஸாதியா விறைப்பூசி போட்டாள். கம்சாயினி போகாமல் நின்று, கதிரையை இழுத்துப் போட்டு மறு பக்கத்தில் உட்கார்ந்து, கேதீஸ்வரியின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கத்தி பட்டது. குச்சி நகர்ந்தது.

"நோகுது," என்றாள் கேதீஸ்வரி.

ஸாதியா நிறுத்தினாள். ஊசி முனையால் தோலைக் குத்திப் பார்த்தாள். கை நன்றாக விறைத்துவிட்டது அக்கா, நோகாதே என்றாள். எந்த இடத்தில் நோகிறது என்று கேட்டாள். கேதீஸ்வரி இடத்தைச் சொல்லவில்லை. நோகுது, நோகுது என்று அதையே சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. நாலரை வருடத்துக்குப் பிறகு அவள் தன் மகனுக்காக அழுதாள், தெரியாத முகங்களுக்கு நடுவே, வாய்விட்டு.

ஸாதியா கத்தியைக் கீழே வைக்கப் போனாள். கம்சாயினி வேண்டாம் என்று தலையசைத்தாள். மடியிலிருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எடுக்கட்டும் மிஸ்ஸி," என்றாள். "நோகத்தான் செய்யும்."